கனிஷ்காவின் எண்பத்து நாலு மார்க்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஃபிட்ஸ்: ஒன்று, காலை ஏழேகால், அரை நிமிடம். தூக்கம்: நாலு மணி நேரம். சாப்பாடு: ஒன்றரை இட்லி. சிரிப்பு: நிறைய.

முதல் மூன்றும் கோயமுத்தூர் டாக்டர் எழுதச் சொன்னவை. மாதம் ஒரு தடவை நோட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாலாவது கட்டம் நானாகப் போட்டது. அந்த மூன்றை மட்டும் எழுதினால் என் மகள் ரிப்பேருக்கு வந்த மிஷின் மாதிரி இருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை. பேச்சு இல்லை, பிடித்துக்கொள்ளாமல் நடக்க வராது, எச்சில் நிற்காது. ஆனால் கனிஷ்கா மாதிரிச் சிரிக்கிற பிள்ளை இந்தத் திருப்பூரிலேயே கிடையாது. அது நோட்டில் ஏற வேண்டாமா?

வியாதியின் பெயர் ஏஞ்சல்மேன். பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமலே பிறந்துவிட்டாளாம். ஏஞ்சல் என்று கேட்டதும், நல்ல பேராகத்தானே இருக்கிறது என்று அன்றைக்கு நான் சொல்லித் தொலைத்தேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஃபிட்ஸ் இல்லை. தூக்கம் ஐந்து. சாப்பாடு பரவாயில்லை. சிரிப்பு நிறைய.

நங்கையா வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் நுழைந்தால் சுவரில் எது கோணலாக மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஒட்டன்சத்திரம் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதி இருக்கிறதாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், பார்த்துக்கொள்ள ஆயாக்கள். போனிலேயே எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். எனக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது, இன்னொரு குழந்தைக்குப் பார்ப்பதென்றால் இப்போதுதான், இவளைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தால் அது நடக்கிற காரியமா என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். நான் கம்பெனிப் பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டேன். தலை நிமிராமல் இருக்க ஒரு வேலை கையில் இருந்தது நல்லதாயிற்று.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் நாற்பது பேரை அதட்டுகிற மனுசன், அக்கா முன்னால் வாயில் கொழுக்கட்டை. நான்தான் பேச வேண்டியதாயிற்று. அவள் இங்கே என்னிடம் சந்தோசமாக இருக்கிறாள் என்றேன்.

"அத நீ சொன்னா எப்புடி மைனா? பரீட்சை எழுதுனவளே பேப்பர் திருத்துன மாதிரியல்ல இருக்குது."

ஆகஸ்ட் 9, சனி

ஃபிட்ஸ் ஒன்று. தூக்கம் மூன்றரை. சாப்பாடு: இட்லி அரை, மொறுமொறு தட்டுவடையைத் துப்பிவிட்டாள். சிரிப்பு மிக நிறைய.

டாக்டரிடம் ஆராய்ச்சி செய்கிற ஷெரின் என்ற பெண் போன் செய்தாள். இந்த மாதிரிப் பிள்ளைகளின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். இருபத்தாறாம் தேதி வீட்டுக்கே வந்து நாற்பது கேள்வி கேட்பாளாம். பதில்களுக்கு எண் போட்டுக் கூட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று வருமாம். நூற்றுக்கு என்றதுமே பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை என் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் ஃபெயிலாகிப் போனவள்தான், திரும்ப எழுதவே இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நங்கையாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் குரலே மாறிவிட்டது.

"நல்லதாப் போச்சு. ஆசுபத்திரிக்காரங்களே மார்க் போடட்டும். எழுபத்தஞ்சுக்கு மேல வாங்கிட்டான்னா நான் ஆஸ்டல் பேச்சையே எடுக்கமாட்டேன். கீழ போச்சுன்னா புள்ளைய அனுப்போணும். சம்மதமா?"

"சம்மதமுங்க."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மோர் கேட்டார்.

பல் தேய்க்க விடவில்லை. பிரஷைக் கண்டதும் என் கையைக் கடித்தாள். வாயில் நாற்றம். ஏலக்காயைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஃபிட்ஸ் இல்லை. தூக்கம் மூன்று. சாப்பாடு தயிர்சாதம் மட்டும். சிரிப்பு: எழுந்ததிலிருந்தே.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்ப முடியுமா என்று ஷெரினைக் கேட்டேன். இது பரீட்சை இல்லைங்க அக்கா, மனசில் படுவதைச் சொன்னால் போதும் என்றாள். இருந்தாலும் அனுப்பிவிட்டாள். நல்ல பிள்ளை.

பிசிறு வெட்டுவதை நிறுத்திவிட்டு எல்லாக் கேள்வியையும் ஒரு நோட்டம் விட்டேன். 'குழந்தை தன் வயதுள்ள நண்பர்களுடன் எவ்வளவு நேரம் செலவிடுகிறாள்?' இந்தத் தெருவில் என் மகளுடைய வயதுள்ள பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுடைய அம்மாமார்கள் அவர்களை இங்கே அனுப்பாமல் இருக்கக் கற்பிக்கிற காரணங்கள் அறுபது. 'அக்கம்பக்கத்தார் குழந்தையை ஏற்றுக்கொள்கிறார்களா?' ஏற்றுக்கொள்கிறார்கள், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. 'பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறாளா?' சேர்த்துக்கொண்டால்தானே.

இப்படியே பதில் சொன்னால் முப்பது மார்க் தேறாது. கூட்டிப் பார்த்தேன். மகிழ்ச்சி, வலி, தூக்கம், உடல்நலம், இந்த நாலு பகுதியிலும் முழுசாக வாங்கினால்தான் எழுபத்தைந்தைத் தாண்டலாம். மகிழ்ச்சிக்குக் கவலையே இல்லை. இந்த ஒரு வாரமாகச் சிரிக்கிற சிரிப்புக்கு நூற்றுக்கு இருநூறு போடலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஃபிட்ஸ் ஒன்று. தூக்கம் இரண்டரை. சாப்பாடு: கம்மங்கூழ், அதுவும் ஆறினால்தான். சிரிப்பு: ஓயவில்லை.

தண்ணீர் என்றால் அவளுக்கு எப்போதுமே பைத்தியம். இப்போது புதுசாக ஐஸ் தண்ணீர்தான் வேண்டும் என்கிறாள். ஃபிரிட்ஜைக் காட்டிக் காட்டி இழுக்கிறாள். விழுங்குவதில்லை, வாயிலேயே வைத்துக்கொண்டு வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். விளையாட்டு.

வலது கன்னத்தில் தானே தட்டிக்கொண்டு சிரிக்கிறாள். எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, உங்க புள்ளைக்கு மட்டும் கவலையே இல்லீங்க என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஃபிட்ஸ் இரண்டு. தூக்கம் இரண்டு. சாப்பாடு கூழ். சிரிப்பு மிக நிறைய.

வலது தாடைக்குக் கீழே லேசாக வீக்கம். கொசுக் கடியாக இருக்கும். மஞ்சளைக் குழைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வடிந்த மாதிரிதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஃபிட்ஸ் ஒன்று. மற்றதெல்லாம் முன்போலவே.

வீட்டுக்காரர் அவளைக் குளிப்பாட்டியபோது கன்னம் ஒரு பக்கம் பெரிதாகத் தெரிகிறதே என்றார். வாயும் வாடை அடிக்கிறதே என்றார். ஒன்பது வருடத்தில் இந்த மனுசன் கவனித்துச் சொன்ன முதல் விசயம், அதை இன்றைக்கா சொல்ல வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை கழியட்டும், கூட்டிக்கொண்டு போகலாம், இவளுக்குப் பல் பார்ப்பதென்றால் மயக்க மருந்து, அட்மிஷன் என்று நாலு நாள் ஆகும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, செவ்வாய்தானே, இடையில் ஒரு நாள்தான் என்று துண்டை உதறிப் போட்டார்.

காய்ச்சல் இல்லை. இருந்தாலும் பாராசிட்டமால் சிரப் மூன்று வேளை கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எண்பத்து நாலு!

ஷெரின் பதினொரு மணிக்கு வந்தாள். சின்னப் பெண். கனிஷ்காவுக்குப் புது ஃபிராக் போட்டு, தலையை வலது பக்கம் மறைகிற மாதிரி வாரி விட்டிருந்தேன். எட்டு மணிக்கே சிரப் கொடுத்தாகிவிட்டது. நண்பர்கள், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னேன். அதில் பொய் சொன்னால் மற்றதையும் நம்பமாட்டாள் அல்லவா? தூக்கம் நன்றாக இருக்கிறது என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

இருபத்தேழாவது கேள்வி. "கடந்த நாலு வாரத்துல குழந்தை வலியால கஷ்டப்பட்டாளாங்க அக்கா? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் கனிஷ்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். ஷெரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவளே பதில் சொல்லிட்டா பாருங்க," என்றேன்.

இல்லவே இல்லை என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நாற்பது பிடித்தேன். நங்கையா வந்து, ஷெரின் அனுப்பியிருந்த மார்க்கை என் போனில் தன் கண்ணாலேயே பார்த்தார். சொன்ன வாக்கு வாக்குத்தான், இனி வாயே திறக்கமாட்டேன் என்றார். போகும்போது கனிஷ்காவின் இடது கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி, அத்தையையே ஜெயிச்சுட்டே என்றார். இடது கன்னம்தான், தெய்வாதீனம்.

கனிஷ்கா கொழுக்கட்டையைத் தொடவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று பல் டாக்டரிடம் போவதாக இருந்தது. கம்பெனியில் அவசர ஆர்டர், அவருக்கு லீவு இல்லை. புதன் போகிறோம்.

செப்டம்பர் 6, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்.

செவ்வாய் மதியம் நெருப்பாகக் கொதித்தாள். மாலைக்குள் ஐந்து ஃபிட்ஸ். ஐந்தாவது ஆம்புலன்ஸ்காரர்கள் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. வீக்கம் கண் வரைக்கும் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸில் கோயமுத்தூர் போய்ச் சேருகிற வரைக்கும், நினைவு வந்தபோதெல்லாம் சிரித்தாள். கூட வந்த நர்சு, இந்த நிலைமையிலும் எப்படிச் சிரிக்கிறது பாருங்கள் என்று அதிசயப்பட்டாள்.

கடைவாய்ப் பல் இரண்டு அழுகி, சீழ் தாடை எலும்பு வரைக்கும் போயிருந்தது. மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். குறைந்தது ஒரு மாத வலி, பெரியவர்களே தாங்கமாட்டார்கள் என்றார் பல் டாக்டர்.

எங்கள் டாக்டர் நேற்று வந்து நோட்டைக் கேட்டார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே படித்தார். தட்டுவடை, தேன், ஏலக்காய், ஐஸ் தண்ணீர், மஞ்சள். ஒரு பக்கத்தையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை கழியட்டும் என்று நான் எழுதியதையும் படித்தார்.

"சிரிப்புக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களேம்மா, இது யார் சொன்னது?"

"நானாத்தானுங்க."

"வலி வந்தாலும் பயம் வந்தாலும் இவங்களுக்குச் சிரிப்புதான் வரும்னு முதல் நாளே சொன்னேனே."

"சொன்னீங்க," என்றேன்.

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஃபிட்ஸ் இல்லை. தூக்கம் ஆறு. சாப்பாடு: குழைத்த சோறு, நன்றாக. சிரிப்பு: இரண்டே தடவை.

என் மேல் சாய்ந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். குதிப்பதில்லை, தட்டுவதில்லை, என் வளையலைத் தள்ளி விளையாடுகிறாள். இப்படி ஒரு பிள்ளை எனக்கு இருப்பதே தெரியாது. எதிர்வீட்டு அம்மா, என்னங்க புள்ள சிரிப்பையே காணோம், பாவம், சோர்ந்து போயிட்டாளே என்கிறார். வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன். நானே அந்தச் சிரிப்புக்குக் கணக்கு வைத்தவள், அவரை என்ன சொல்ல.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷெரினுக்குப் போன் செய்தேன். வலி இல்லை என்று நான் சொன்னது பொய், மார்க்கைத் திருத்திப் போடு என்றேன். அவள் பதறிவிட்டாள். வருத்தப்பட்டாள். ஆனால் ஆகஸ்ட் மாதக் கணக்கு மேலே போய்விட்டதாம், பெற்றோர் அன்றைக்கு என்ன சொன்னார்களோ அதுதான் நிற்குமாம். சென்னையில் ஒரு கூட்டத்தில்கூட வாசித்தார்களாம், வீட்டிலேயே வளர்கிற பிள்ளைகளின் வாழ்க்கைத் தரம் நாம் நினைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று.

"உங்க பாப்பாதான் இருக்கறதுலயே அதிகம் வாங்கியிருந்தாங்க அக்கா," என்றாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நங்கையாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதியே வாய் நாறியது எனக்குத் தெரியும். இருபத்தொன்றாம் தேதி வீக்கத்தைப் பார்த்தபோதே பல் என்று தெரியும். கொசுக் கடி என்று எழுதியது எனக்கே நான் சொல்லிக்கொண்டது. அவளை என்னிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்காக, மார்க் போடுகிற இருபத்தாறாம் தேதி வரைக்கும் அவளைப் பதினேழு நாள் வலியில் வைத்திருந்தேன். இதை நோட்டில் எழுதவே இத்தனை நாள் ஆயிற்று.

வீட்டுக்காரர், எனக்கும் தெரியும் அக்கா, நானும்தான் விட்டுட்டேன் என்றார். கொழுக்கட்டை இப்போதுதான் வாயிலிருந்து இறங்கியது.

நங்கையா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காப்பியடிச்ச பேப்பர் செல்லாது மைனா. நான் எத்தன புள்ளைங்கள வெளிய அனுப்பியிருப்பேன்."

"தெரியுமுங்க."

"வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு. போயிப் பாப்போம்."

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுத்துப் பேசுவது? அங்கே ஆயாக்கள் இருப்பார்கள், நர்சு இருப்பாள். ஒருவேளை என்னைவிட நன்றாகப் பார்க்கலாம். ராத்திரி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கனிஷ்காவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நானும் நங்கையாவும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, இடம் சுத்தமாக இருந்தது. முருங்கை மரம், தண்ணீர்த் தொட்டி, வரிசையாகக் கட்டில். முப்பது பிள்ளைகள். பொறுப்பாளர் அம்மாள் நல்லவராகத்தான் தெரிந்தார். எங்ககிட்ட ஒரு புள்ள அழுது நீங்க பாக்கமாட்டீங்க என்று பெருமையாகச் சொன்னார். நான் அப்போதிருந்தே பிள்ளைகளின் கன்னங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வராந்தாவில் ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். பதினாறு வயது இருக்கும். முழங்கையை மடக்கித் தூக்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி, அப்படியே கனிஷ்காவின் நடை. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள். முழங்காலே மடிகிற மாதிரி ஒரு சிரிப்பு. என் உள்ளங்கையை இழுத்துத் தன் இடது காதின் மேல் வைத்து அமுக்கினாள். காது சுட்டது. சட்டைக் காலரில் மஞ்சளாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது.

"எப்ப இருந்து இந்தப் புள்ள இப்புடிச் சிரிக்குது?" நங்கையாதான் கேட்டார்.

"எப்பவுமே சிரிப்புதானுங்க டீச்சர். இப்ப ஒரு வாரமா ரொம்பவே குஷியா இருக்குது."

நங்கையா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையிடம் என்ன தப்பு என்று வாசலில் நின்றே கண்டுபிடித்தவர், காலரைப் பார்க்காமல் இருந்திருக்கமாட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மைனா, கெளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நானும் அந்தப் பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையை எடுத்துக்கொண்டேன்.

தாராபுரம் தாண்டியதும் நங்கையா, ஆஸ்டல் பேச்சு இனி வேண்டாம், புள்ள உங்கிட்டயே இருக்கட்டும் என்றார். இரண்டு மாதமாக நான் எதற்காகச் செத்துக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் காதைப் பாருங்கள் என்று ஏன் நாம் சொல்லவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுடைய பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

விடுதிக்குப் போன் செய்ய வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

நம்பர் வாங்கிவிட்டேன். நங்கையா, நாம சொன்னா அவங்க நம்மள என்ன நெனைப்பாங்க, நாளைக்கு என்னிக்காச்சும் நமக்கே அங்க ஒரு எடம் வேணும்னா என்றார். உனக்குப் பிறகு இவளுக்கு யார் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

விடுதியில் பார்த்த அந்தப் பெண்ணைப் பெற்றவள் எங்கேயோ இருப்பாள். பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கிறாளாம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். நிம்மதியாக இருப்பாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஃபிட்ஸ் இல்லை. தூக்கம் ஏழு. சாப்பாடு: இட்லி மூன்று. பல் தேய்க்க விட்டாள். காது, தொண்டை, ஈறு, நகக்கண் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மடியில் அமைதியாகப் படுத்திருக்கிறாள்.

விடுதிக்கு இன்றும் போன் செய்யவில்லை.